‘ண’ வர வேண்டிய இடத்தில் ‘ல’

“அம்மான்ர பழைய கொம்பியூட்டர் இன்னும் கெல்லருக்குள்ள கிடக்குது மாமா. நாங்கள் வீடு மாறப்போறம். எறிஞ்சு விடட்டே?”

சென்ற இலையுதிர்காலத்தில் வந்த தொலைபேசி அழைப்பு இது. கேட்டவருக்கு இப்போது நாற்பது வயது கடந்துவிட்டது. அவர் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த காலத்தில் அந்தக் கணினியின் தொடக்கக் கோப்புகளை எழுதிக் கொடுத்தவன் நான். “எறியாதை பிள்ளை, பொறு. நான் வந்து பாக்கிறன்” என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே சீல் ஆற்றங்கரை வழியாக நடந்து போனேன்.

எங்கள் ஊர் அட்லிஸ்வில், சூரிச் நகருக்குத் தெற்கே சீல் பள்ளத்தாக்கில் இருக்கிறது. சூரிச் பிரதான நிலையத்தில் நான்காம் இலக்க எஸ்-பான் தொடருந்தில் ஏறினால் ஏறக்குறைய கால் மணி நேரம். ஒரு காலத்தில் பட்டு நெசவாலைக்குப் பெயர்போன ஊர். சுவிஸ்காரர்களுக்கு இந்த ஊர் என்றால் 1954இல் தொடங்கிய ஃபெல்செனெக் கம்பிவட வண்டி நினைவுக்கு வரும். சுவிசில் வாழும் தமிழருக்கு இங்குள்ள சிவசுப்பிரமணியர் கோயில் நினைவுக்கு வரும். கெல்லர் என்று நாங்கள் சொல்வது அடுக்குமாடி வீடுகளின் அடியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மரச்சட்டம் அடித்துப் பிரித்துக் கொடுக்கப்பட்ட நிலவறையை. பனிச்சறுக்குச் சப்பாத்து, பழைய தொட்டில், பெரிய கிடாரம் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். ஒரு தலைமுறையின் கணினிகளும் அங்கேதான் போய்ச் சேர்ந்தன.

1991 முதல் ஏறக்குறைய பத்து ஆண்டுகள், பகலில் உணவகச் சமையலறையிலும் இரவில் தமிழ் வீடுகளின் கணினி முன்னாலும் என் வாழ்க்கை கழிந்தது. அட்லிஸ்வில், லங்னாவ், தால்வில், சூரிச் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன். “தம்பி, எழும்புதில்லை” என்பார்கள். கணினி துயில் எழ மறுக்கிறது என்று பொருள். பெரும்பாலான வீடுகளில் கோளாறு இரும்பில் இராது. இரண்டு சிறிய எழுத்துக் கோப்புகளில்தான் இருக்கும். ஒன்று கொன்பிக்.சிஸ், மற்றது ஓட்டோஎக்செக்.பற். அவற்றைத் திறந்து, வரி வரியாக வாசித்து, ஒழுங்கு மாற்றி எழுதுவதுதான் என் தொழில். கூலி சில வீடுகளில் இருபது பிராங்க். பல வீடுகளில் புட்டும் மீன்குழம்பும்.

களஞ்சியம் என்ற சொல்

எனக்கு யாரும் இதைக் கற்பித்துத் தரவில்லை. 1990இல் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணினி ஒன்று என் கைக்கு வந்தது. 640 கிலோபைட் நினைவகம், 20 மெகாபைட் வட்டு, பச்சை எழுத்துத் திரை. அதோடு ஜெர்மன் மொழியில் ஒரு தடித்த கைநூல். அகதி அனுமதியோடு இருந்த எனக்கு மொழி வகுப்புக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. அந்தக் கைநூலே எனக்கு மொழிப்பாடமும் ஆயிற்று. கோப்புக்கு ‘டட்டாய்’, நினைவகத்துக்கு ‘ஷ்பைக்கர்’. தானியம் போட்டு வைக்கும் களஞ்சியத்துக்கும் ஷ்பைக்கர் என்பதே சொல் என்று ஒரு சுவிஸ் சமையல்காரர் சொன்னபோது, பெர்ன் பக்கத்துப் பண்ணைகளில் பார்த்த மரக் களஞ்சியங்களும் எங்கள் வீட்டு நெற்கோர்க்காலியும் ஒன்றாகக் கண்முன் வந்தன. அன்றிலிருந்து நினைவகம் எனக்கு வெறும் எண்ணாக இருந்ததில்லை. எந்த மூட்டையை எந்த மூலையில் அடுக்குவது என்ற கேள்வியாகவே அதைப் பார்த்தேன்.

அந்தக் களஞ்சியம் ஏன் எப்போதும் போதாமல் இருந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1981இல் வந்த ஐபிஎம் தனிக்கணினியின் செயலிக்கு இருபது முகவரிக் கம்பிகள். அவற்றால் எட்டக்கூடியது ஒரு மெகாபைட் மட்டும். அதில் முதல் 640 கிலோபைட்டை நிரல்களுக்கு விட்டுவிட்டு, மேலே உள்ள 384ஐத் திரைக்கும் உள்ளமைந்த நிரல்களுக்கும் ஒதுக்கினார்கள். பின்னாளில் நான்கு மெகாபைட், எட்டு மெகாபைட் என்று வாங்கிப் போட்டாலும் டொஸ் என்ற அக்கால இயங்குதளத்தின் நிரல் ஒன்று எழுந்து நிற்பதற்கு அந்த முதல் 640க்குள்தான் இடம் தேட வேண்டும். மவுசுக்கு ஒரு இயக்கி, விசைப்பலகைக்கு ஒன்று, சிடி வாசிப்பானுக்கு இரண்டு என்று ஒவ்வொன்றும் அங்கே பாய் விரித்துப் படுத்துவிட்டால், கணக்கு நிரல் “நினைவகம் போதாது” என்று ஜெர்மனில் எழுதிவிட்டு நின்றுவிடும்.

மின்விசையை அழுத்தியதும் நடப்பது இது. முதலில் இயந்திரம் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். பிறகு வட்டின் முதல் பகுதியைப் படிக்கும். மறைந்திருக்கும் இரண்டு டொஸ் கோப்புகள் ஏறும். அவை கொன்பிக்.சிஸ் கோப்பைத் தேடி, மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியையும் நிறைவேற்றும். அதன்பின் கட்டளைகளை வாங்கும் நிரல் ஏறும். அது ஓட்டோஎக்செக்.பற் கோப்பை ஓட்டும். இந்த வரிசையை மாற்ற முடியாது. ஹைமெம்.சிஸ் ஏறிய பிறகுதான் ஈஎம்எம்386 ஏற வேண்டும். முன்னது ஒரு மெகாபைட்டுக்கு மேலே உள்ள நினைவகத்தின் கதவைத் திறக்கும். பின்னது 640க்கும் ஒரு மெகாபைட்டுக்கும் இடைப்பட்ட வெற்றிடங்களை நிரப்பத்தக்க இடமாக்கும். அடுப்பு மூட்டாமல் உலை வைக்க முடியுமா? 1991 யூனில் வந்த டொஸ் 5 பதிப்பு இதை வீட்டுப் பாவனைக்குக் கொண்டுவந்தது. டொஸ் தன்னையே மேலே ஏற்றிக்கொள்ளும் அந்த ஒரு வரி மட்டும் 40 கிலோபைட்டுக்கு மேல் மீட்டுத் தரும். அதைச் செய்து காட்டியபோது ஒரு வீட்டில் எனக்கு இரண்டாம் முறை சோறு போட்டார்கள்.

60ஐ 20 ஆக்கிய சனிக்கிழமை

என் தொழிலின் முதல் விதியை ஒரு தவறு கற்றுத் தந்தது. 1992 என்று நினைவு. தமிழ்க் கடை ஒன்றில் கணக்கு நிரல் எழும்பவில்லை என்று கூப்பிட்டார்கள். கொன்பிக்.சிஸ் கோப்பைத் திறந்தேன். ‘ஃபைல்ஸ்=60’ என்று ஒரு வரி இருந்தது. ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகளைத் திறந்து வைக்கலாம் என்பதைச் சொல்லும் வரி அது. நான் படித்த கைநூலில் 20 என்று இருந்தது. அறுபது வீண் என்று முடிவுகட்டி, 20 ஆக்கினேன். வேறு சில மாற்றங்களும் செய்தேன். நிரல் எழும்பியது. தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை கடையில் சனம் நிறைந்திருந்த நேரம், நிரல் ஒரு பட்டியலைத் திறக்கப்போய் நடுவழியில் நின்றுவிட்டது. ஒவ்வொரு பொருட்தொகுதிக்கும் ஒரு கோப்பு, ஒவ்வொரு கோப்புக்கும் ஓரிரு சுட்டிக் கோப்புகள் என்று அது முப்பது நாற்பது கோப்புகளைத் திறந்து வைக்கும் நிரல். காலை முதல் பதிந்த விற்பனையில் ஒரு பகுதி போய்விட்டது. கடைக்கார அண்ணை என்னைத் திட்டவில்லை. “முந்தி வேலை செய்த பொடியன் ஏதோ காரணத்துக்குத்தானே அறுபது எண்டு போட்டிருப்பான், தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி இன்றுவரை என் காதில் இருக்கிறது. ஒரு கோப்பைத் திறந்து வைக்க டொஸ் ஒதுக்குவது ஏறக்குறைய 60 பைட். நாற்பது கோப்புகளைக் குறைத்ததால் நான் மிச்சம் பிடித்தது இரண்டரைக் கிலோபைட்டுக்கும் குறைவு. அதற்காக ஒரு மனிதரின் ஒரு நாள் கணக்கைக் குழப்பினேன். தொடக்கக் கோப்பில் உள்ள ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் ஒரு காரணத்துக்காக எடுத்த முடிவு. காரணம் தெரியாத வரியைத் தொடக்கூடாது. அந்த முன்னோடிப் பொடியன் மேலும் ஒரு வரி எழுதி, ஏன் அறுபது என்று சொல்லியிருந்தால் நானும் தப்பியிருப்பேன், கணக்கும் தப்பியிருக்கும்.

அப்படி எழுத இடமில்லாமல் இல்லை. ‘றெம்’ என்று தொடங்கும் வரியை இயந்திரம் படிக்காமல் தாண்டிவிடும். அது மனிதனுக்கு மனிதன் எழுதும் வரி. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு மூன்று பழக்கங்கள் என்னை விட்டுப் போகவில்லை. தொடுவதற்கு முன் பழைய கோப்பின் பிரதியை வேறு பெயரில் வைப்பேன். ஒரு தடவையில் ஒரு வரியை மட்டும் மாற்றி, மறுபடி தொடக்கிப் பார்ப்பேன். மாற்றிய வரிக்கு மேலே தேதியும் காரணமும் எழுதுவேன். ஆங்கில எழுத்துகளில், தமிழ் ஓசையில்.

இரண்டு பேருக்கு ஒரு விசைப்பலகை

சுவிஸ் நாட்டில் இந்தத் தொழிலுக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. இங்குள்ள விசைப்பலகையில் ‘வை’ எழுத்தும் ‘இசட்’ எழுத்தும் இடம் மாறி இருக்கும். மேலே இரு புள்ளி கொண்ட உம்லவுட் எழுத்துகளுக்குத் தனி விசைகள் இருக்கும். கொன்பிக்.சிஸ் கோப்பில் நாட்டின் எண்ணாக 041 என்று எழுதுவோம். சுவிசின் தொலைபேசிக் குறியீடும் அதுவே. ஓட்டோஎக்செக்.பற் கோப்பில் ‘கீப் எஸ்ஜி’ என்று எழுதினால் ஜெர்மன் சுவிஸ் விசை அமைப்பு வரும். அந்த வரிக்கு வந்து சேரும் முன்னரே தொடக்கம் முறிந்துவிட்டால் இயந்திரம் அமெரிக்க விசைப்பலகை என்று நினைத்துக்கொண்டு நிற்கும். நீங்கள் அழுத்துவது ஒன்று, திரையில் விழுவது வேறொன்று. முக்காற்புள்ளிக்கு மேல்மாற்றி விசையோடு ‘ஓ உம்லவுட்’. சமன் குறிக்குக் கூரைக் குறி விசை. சாய்கோட்டுக்கு இணைகோட்டு விசை. பின்சாய்கோட்டுக்கு இடப்பக்க மேல்மாற்றிக்கு அருகில் உள்ள விசை. ‘டைப்’ என்ற கட்டளையை எழுத ‘வை’க்குப் பதில் ‘இசட்’. இதை ஒரு சிறு தாளில் எழுதி, நான் பார்த்த ஒவ்வொரு வீட்டு விசைப்பலகையின் அடியிலும் ஒட்டிவிட்டு வருவேன்.

இந்தச் சிக்கலின் உச்சத்தைச் சந்தித்தது, இப்போது கெல்லரில் கிடக்கும் அந்தக் கணினியில்தான். ஆண்டு 1995. வீட்டுக்காரி ஒரு ரீச்சர். ஊரில் தமிழ்த் தட்டச்சு முறையாகப் பழகியவர். புதன்கிழமை பிற்பகல்களில், சுவிஸ் பள்ளிகளுக்கு விடுமுறையான அந்த நேரத்தில், பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாடங்களையும் சங்கத்தின் ஆண்டு மலரையும் கணினியில் அடிக்க ஆசைப்பட்டு, தவணைமுறையில் ஒரு 486 கணினி வாங்கினார்கள். விண்டோஸ் 3.1. நான்கு மெகாபைட் நினைவகம்.

அக்காலத் தமிழ் எழுத்துருக்களில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ஆங்கில ஒலியை ஒட்டித் தமிழை அடிக்கும் வழி. இதே சுவிசில், லோசான் நகரத்தில், வேதியியல் ஆய்வாளர் கு. கல்யாணசுந்தரம் உருவாக்கி இலவசமாக வழங்கிய மயிலை எழுத்துரு அந்த வழியில் வந்தது. 1998 தைப்பொங்கலன்று தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. மற்றது பழைய தட்டச்சுப்பொறியின் விசை ஒழுங்கை ஒட்டிய வழி. ஈழத்தமிழர் நடுவே பரவியிருந்த பாமினி இந்த வழி. ரீச்சரின் விரல்கள் பாமினிக்குத்தான் பழகும். எழுத்துருவை ஏற்றிவிட்டு, “அடிச்சுப் பாருங்கோ ரீச்சர்” என்றேன்.

‘கண்’ என்று அடித்தார். திரையில் ‘க’ சரியாக விழுந்தது. அடுத்து ‘ண’ வர வேண்டிய இடத்தில் ‘ல’ வந்தது. புள்ளி வர வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு குறி. அவர் திரையையும் தன் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார். “முப்பது வருசம் அடிச்ச கை தம்பி இது. பிழை விடாது” என்றார்.

பிழை அவர் கையில் இல்லை. பாமினியில் ‘இசட்’ இடத்தில் ‘ண’ இருக்கிறது. ‘வை’ இடத்தில் ‘ல’. அமெரிக்க விசைப்பலகையில் அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி. சுவிஸ் அமைப்பு முதல் இரண்டையும் இடம் மாற்றி, மூன்றாவதன் இடத்தில் ‘ஓ உம்லவுட்’டை வைத்துவிட்டது. அமைப்பை அமெரிக்கனாக மாற்றினால் ரீச்சருக்குச் சரிவரும். அதே மேசையில் இரவில் அவருடைய மகள் ஜெர்மன் கட்டுரை எழுத வேண்டும். உம்லவுட் இல்லாமல் அவளால் எழுத முடியாது. விண்டோசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் போய் ஒவ்வொரு தடவையும் மாற்றலாம்தான். இரண்டு கிழமை அப்படி ஓடியது. தாய் மாற்றிவிட்டுத் திரும்ப மாற்ற மறப்பார், மகள் அழுவாள். மகள் மாற்றுவாள், ரீச்சரின் பாடத்தில் கண் எல்லாம் கல்லாகும்.

தீர்வைத் தொடக்கக் கோப்பில் கண்டேன். 1993இல் வந்த டொஸ் 6 பதிப்பில், கொன்பிக்.சிஸ் கோப்புக்குள்ளேயே ஒரு பட்டியல் எழுதி, கணினி எழும்பும்போதே “எது வேண்டும்?” என்று கேட்க வைக்கலாம். இரண்டு தெரிவுகள் எழுதினேன்: ஒன்று ஜெர்மன், இரண்டு தமிழ். பத்து வினாடி யாரும் எதையும் தொடாவிட்டால் ஜெர்மன். தெரிந்தெடுத்த பெயரை டொஸ் ‘கொன்பிக்’ என்ற மாறியில் வைத்துக்கொள்ளும். ஓட்டோஎக்செக்.பற் கோப்பு அந்தப் பெயரைப் பார்த்து, உரிய பகுதிக்குத் தாவும்.

விசை அமைப்பை டொசில் மாற்றினால் மட்டும் போதாது. விண்டோஸ் 3.1 அதைப் பொருட்படுத்தாது. தனக்கென்று சிஸ்டம்.இனி கோப்பின் விசைப்பலகைப் பிரிவில் உள்ள வரியைத்தான் அது பார்க்கும். அங்கே சுவிஸ் கோப்பின் பெயர் இருந்தால் சுவிஸ். வெறுமையாக விட்டால் அமெரிக்கன். ஆகவே சிஸ்டம்.இனி கோப்புக்கு இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றில் சுவிஸ் வரியை வைத்தேன், மற்றதில் வெறுமையாக்கினேன். ரீச்சர் ‘தமிழ்’ என்று தெரிந்தால், விண்டோஸ் எழும்பும் முன்னர் தமிழ்ப் பிரதி சிஸ்டம்.இனி ஆகும். மகள் ‘ஜெர்மன்’ என்று தெரிந்தால் மற்றப் பிரதி. அன்றிரவு ரீச்சர் இரண்டாம் இலக்கத்தை அழுத்தினார். விண்டோஸ் எழும்பியது. ‘கண்’ என்று அடித்தார். கண்ணாகவே விழுந்தது. தொடர்ந்து ‘மண்’, ‘பெண்’, ‘கண்ணீர்’, ‘வண்ணம்’ என்று ஒரு பக்கம் முழுவதும் ‘ண’கரச் சொற்களாகவே அடித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஏற்பாட்டிலும் நான் ஒரு ஓட்டையை விட்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து மகள் ஓர் ஒலி அட்டை வாங்கிப் பொருத்தினாள். இயக்கியை ஏற்றினாள், ஓசை வந்தது. மறுநாள் காலையில் ஓசை இல்லை. மறுபடி ஏற்றினாள், மறுநாள் மறுபடி இல்லை. விண்டோஸ் புதிய இயக்கியின் பெயரைச் சிஸ்டம்.இனி கோப்பில் எழுதுகிறது. அடுத்த தொடக்கத்தில் என்னுடைய பிரதி அதன் மேல் விழுந்து அழித்துவிடுகிறது. இரண்டு பிரதிகளிலும் அந்த வரிகளைச் சேர்த்தேன். அத்தோடு ஓட்டோஎக்செக்.பற் கோப்பில் பிரதி எடுக்கும் வரிக்கு மேலே நான்கு ‘றெம்’ வரிகள் எழுதினேன்: இந்த வரி ஏன் இருக்கிறது, புதிதாக எதையும் ஏற்றினால் எந்த இரண்டு கோப்புகளைத் திருத்த வேண்டும், தமிழ் எழுத்துரு எந்த அடைவில் இருக்கிறது, பாடங்கள் எந்த அடைவில் இருக்கின்றன.

முப்பது ஆண்டுக்குப் பிறகு

கெல்லரில் அந்தப் பெட்டி ஒரு பழைய படுக்கை விரிப்பால் மூடப்பட்டிருந்தது. ரீச்சர் காலமாகி மூன்று ஆண்டுகள். முதலில் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். தாய்ப்பலகையில் இருந்த சிறு மின்கலம் கசிந்து, பக்கத்துச் செப்புத் தடங்கள் பச்சை பூத்திருந்தன. இன்னும் ஓரிரு ஆண்டு விட்டிருந்தால் பலகையே போயிருக்கும். மின்கலத்தை வெட்டி எடுத்து, இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்தேன்.

வட்டை மட்டும் கழற்றி, யூஎஸ்பி இணைப்பி ஒன்றின் வழியே மடிக்கணினியில் படிக்கலாம் என்பது இன்றைய பிள்ளைகளின் எண்ணம். ரீச்சருடைய மகளின் மகனும் அதைத்தான் சொன்னான். பொருத்திப் பார்த்தோம். மடிக்கணினிக்கு அந்த வட்டு தெரியவே இல்லை. சிலிண்டர், தலை, செக்டர் என்ற பழைய கணக்கில் மட்டும் பேசும் அக்கால வட்டுகளைப் புதிய இணைப்பிகள் பல அடையாளம் காண்பதில்லை. அதன் சொந்த இயந்திரத்திலேயே அதை எழுப்பினால்தான் உண்டு.

மின்கலம் போனதால் இயந்திரம் தன் வட்டின் அளவை மறந்துபோயிருந்தது. வட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் மூன்று எண்களும் இருந்தன. கையால் கொடுத்தேன். வட்டு சுழலும் ஓசை கேட்டது. எஃப்8 விசையை அழுத்தினேன். டொஸ் 6 அப்போது, பட்டியலில் தெரிந்த பிறகு, ஒவ்வொரு வரியாகக் காட்டி, நிறைவேற்றவா என்று கேட்கும். மின்கலத்தோடு சேர்ந்து பழுதாகியிருக்கக்கூடிய ஒலி அட்டையின் வரிகளுக்கு ‘இல்லை’ என்று சொல்லத் தீர்மானித்திருந்தேன். மற்ற எல்லாவற்றுக்கும் ‘ஆம்’. முதலில் பட்டியல் வந்தது. ஒன்று ஜெர்மன், இரண்டு தமிழ். மகள் என் தோளுக்கு மேலால் கை நீட்டி இரண்டை அழுத்தினாள்.

எனக்கு அந்தக் கணினியின் அடைவுகள் ஒன்றும் நினைவில் இல்லை. ஓட்டோஎக்செக்.பற் கோப்பைத் திறந்தேன். என் றெம் வரிகள் இருந்தன. எழுத்துரு இங்கே, பாடங்கள் அங்கே, சிஸ்டம்.இனி கோப்பின் தமிழ்ப் பிரதியை மாற்றினால் ‘ண’வும் ‘ல’வும் இடம் மாறும். இளவயதில் நான் எழுதியதை அறுபது கடந்த நான் வாசித்து வழி கண்டேன். கடைக்கார அண்ணையின் அந்த ஒரு கேள்வி இல்லாவிட்டால் அந்த வரிகள் இருந்திராது.

மொத்தம் அறுபத்து மூன்று கோப்புகள். மூன்று புளொப்பித் தட்டுகளில் அடங்கின. அவற்றை மடிக்கணினியில் திறந்தால் தமிழ் இல்லை. பாமினியில் எழுதிய கோப்பில் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தாம்; எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் தருகிறது. ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். அதை ஒருங்குறிக்கு மாற்றப் பொங்குதமிழ் போன்ற எழுத்துமாற்றிகள் உண்டு. ஒரு பாடத்தை அப்படியே போட்டோம். தமிழ்ச் சொற்கள் அழகாக வந்தன. அருகில் இருந்த ஜெர்மன் சொற்கள் பொருளற்ற தமிழெழுத்துக் குவியலாயின. ரீச்சரின் பாடங்கள் பெரும்பாலும் இரண்டு பத்தி: இடப்பக்கம் ஜெர்மன் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல். எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்ற செய்தி இருந்தால்தான் மாற்றியைத் தமிழுக்கு மட்டும் ஓட்ட முடியும். மறுபடி பழைய இயந்திரத்துக்கே போய், அதிலிருந்த சொற்செயலியில் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, எழுத்துருப் பெயரைச் சொல்லுக்குச் சொல் குறித்து வைக்கும் ஆர்டிஎஃப் வடிவில் சேமித்தேன். அதன்பின் பிரித்தெடுப்பது எளிதாயிற்று. மகளின் மகன் அதற்கு ஒரு சிறு நிரல் எழுதினான்.

முதலில் மீண்ட பாடத்தில் உடல் உறுப்புகளின் பெயர்கள் இருந்தன. முதல் வரி: ‘அவுகெ’, எதிரே ‘கண்’. மகள் அதைச் சத்தமாக வாசித்தாள். பேரன் திருப்பிச் சொன்னான்.

இதை எழுதக் காரணம் உண்டு. சுவிசில் கணினி விற்கும் எந்தக் கடையிலும் பழைய கணினியைக் காசில்லாமல் திருப்பிக் கொடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான். அதனால் எறிவதும் மிக எளிதாகிவிட்டது. 1990களில் இங்கும் ஜெர்மனியிலும் பிரான்சிலும் கனடாவிலும் எங்கள் தாய்மார் தந்தையர் அடித்த பாடங்கள், மலர்கள், நாடகப் பிரதிகள், கடிதங்கள் பல அச்சுக்குப் போகவே இல்லை. அவை கெல்லர்களில் கசியும் மின்கலங்களின் பக்கத்தில் கிடக்கின்றன.

உங்கள் வீட்டுக் கெல்லரில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், எறியும் முன் மூடியைக் கழற்றி அந்த மின்கலத்தை முதலில் எடுத்துவிடுங்கள். விசயம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு எழுப்பிப் பாருங்கள். ஆவணங்களை மட்டும் பிரதி எடுத்து நின்றுவிடாதீர்கள். எழுத்துருக் கோப்பையும், கொன்பிக்.சிஸ், ஓட்டோஎக்செக்.பற், சிஸ்டம்.இனி, விண்டோசின் மற்றொரு அமைப்புக் கோப்பான வின்.இனி ஆகிய நான்கையும் சேர்த்து எடுங்கள். எந்த விசை அமைப்பு, எந்த எழுத்துரு, எந்த அடைவு என்பதை அவைதாம் சொல்லும். கிடைத்ததில் பொதுவுக்கு உரியது இருந்தால், 2005இல் தொடங்கி ஈழத்து எழுத்துகளை எண்ணிமமாகச் சேமித்துவரும் நூலகம் திட்டத்துக்குக் கொடுங்கள். இன்று நீங்கள் வைத்திருக்கும் கணினியிலும் ஏதேனும் மாற்றினால், ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பின்னால் வந்து திறப்பவருக்கு அந்த ஒரு வரி தேவைப்படும்.